மாத்திரையை நிறுத்தினோம், வலி நிற்கவில்லை
(கிளைப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் சம்பளப் பேச்சு இருக்கிறது. வீட்டுப் பிரச்சினை இருக்கிறது. அவற்றுக்கு நடுவே கொலஸ்டரால் மாத்திரையும் கால் வலியும் என்றொரு தலைப்பைக் கண்டு சிலர் சிரித்தீர்கள். சங்கத்துக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தோழர் வாசலிலேயே நம்மை மடக்கிக் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. நமக்கு உடம்புதான் முதல். தொடை வலித்தால் மரம் குறையும். மரம் குறைந்தால் பால் குறையும். பால் குறைந்தால் மாதக் கடைசியில் கைக்கு வரும் வெள்ளி குறையும். வலி என்பது ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு வலி மட்டுந்தான். நமக்கு அது சம்பளத்தில் விழும் கழிவு.

ஒரு தோழரின் கதையோடு தொடங்குகிறோம். பெயர் வேண்டாம், அவர் சம்மதித்துத்தான் சொல்கிறோம். வயது 58. ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சு வலி கண்டு, இரத்தக் குழாயில் கம்பிச் சுருள் வைத்துக்கொண்டவர். அவருக்குக் கொடுத்த மாத்திரைகளில் கொலஸ்டரால் மாத்திரையும் ஒன்று. சில வாரங்களில் இரண்டு தொடையும் உளைய ஆரம்பித்தன. மரத்தடியில் குனிந்தால் நிமிர முடியவில்லை. யாரோ ஒருவர், "அந்த மாத்திரைதான் சதையைத் தின்கிறது" என்று சொன்னார். நம்மவர் நிறுத்திவிட்டார். டாக்டரிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. மாதா மாதம் வாங்கிவந்த மாத்திரைகள் ஒரு பிஸ்கட் டின்னில் அடைந்து கிடந்தன. மூன்று வாரத்தில் வலி குறைந்தது; மனுஷருக்குப் பரம சந்தோஷம். ஐந்தாம் மாதம் பால் கொட்டகையில் வாளியை இறக்கி வைத்தவர் அப்படியே சாய்ந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் இன்று வெட்டுக்கத்தி பிடிக்க முடியாது. மாத்திரையை நிறுத்தியதால்தான் அது வந்தது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. நாமும் செய்யவில்லை. ஆனால் அந்த ஐந்து மாதமும் அவர் ஒருவரிடமாவது வாய் திறந்திருந்தால், வலியும் தீர்ந்திருக்கும், நெஞ்சுக்கும் ஒரு காவல் இருந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

நாமும் இதில் யோக்கியர் இல்லை. அந்த மாத்திரையை விழுங்கியவர்தாம். வலிக்கிறது என்று நிறுத்தியவர்தாம். நம் கதை வேறு மாதிரிப் போயிற்று. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் இந்த மாத்திரை எது என்று தெரிந்துகொள்வோம். சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் என்று அட்டையில் அச்சடித்திருக்கும். முடிவில் 'ஸ்டாட்டின்' என்று வந்தால் அந்தக் குடும்பம். இதன் மூலத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியர், அக்கிரா எண்டோ. வடக்கே அக்கித்தாப் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் 1933-இல் பிறந்தவர். காளானும் பூஞ்சணமும் அவருக்குச் சிறு வயது முதல் பைத்தியம். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சலித்துப் பார்த்து, 1973-இல் ஒரு பச்சைப் பூஞ்சணத்திலிருந்து, ஈரல் கொலஸ்டரால் செய்வதைத் தடுக்கும் சரக்கைப் பிரித்தெடுத்தார். இந்த வகையில் முதல் மாத்திரை 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில், இருதய நோய் கண்ட 4,444 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி வெளிவந்தது. சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. பூஞ்சணம் பிடித்த அரிசியை நாம் கோழிக்குப் போடுகிறோம். அவர் அதிலிருந்து உலகத்துக்கு ஒரு மருந்தை எடுத்துக் கொடுத்தார். 2024-இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

மலேசியாவில் 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்கு 38 பேருக்கு இரத்தக் கொலஸ்டரால் அதிகம் என்று தெரிந்தது. ஆகவே இந்த மாத்திரை நம் வீட்டு அலமாரிகளில் இருப்பதில் ஆச்சரியமில்லை.

இனி வலிக்கு வருவோம். மாத்திரை சதையை வலிக்கச் செய்யுமா? செய்யும். அதை மறைக்கவேண்டியதில்லை. பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்குள் வரும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் ஆகிய பெரிய சதைகளில் வரும். ஆனால் எத்தனை பேருக்கு வரும் என்பதில்தான் நாம் நினைப்பதும் கணக்குச் சொல்வதும் வேறுபடுகின்றன. 2022-இல் 19 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து, 1,23,940 பேரின் விவரத்தைப் பார்த்தார்கள். யார் மருந்து சாப்பிட்டார், யார் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டார் என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேர் சதை வலி, சதைத் தளர்ச்சி என்றார்கள். மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். வித்தியாசம் அரைச் சதவீதம். அதுவும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே.

இன்னொரு ஆராய்ச்சி நமக்கு மிகவும் பிடித்தது. லண்டனில் நடந்தது; 2020-இல் முடிவு வெளிவந்தது. வலி, சோர்வு என்று சொல்லி மாத்திரையை விட்டுவிட்ட 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 போத்தல், மாதத்துக்கு ஒன்று. நான்கில் உண்மை மருந்து, நான்கில் மாவு மாத்திரை, நான்கு காலிப் போத்தல். தினமும் தங்கள் தொந்தரவுக்குத் தாங்களே நூற்றுக்கு மார்க் போடவேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. உண்மை மருந்து மாதங்களில் 16.3. மாவு மாத்திரை மாதங்களில்? 15.4! அதாவது, வலி வந்தது. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு மருந்தால் வந்ததன்று, 'மாத்திரை சாப்பிடுகிறோம்' என்ற எண்ணத்தால் வந்தது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு, அவர்களில் பாதிப்பேர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள்.

இதைக் கேட்டு, "ஆக, எங்கள் வலி பொய் என்கிறீரா?" என்று யாரும் கோபிக்கவேண்டாம். வலி பொய்யன்று. மாவு மாத்திரையால் வந்த வலியும் உண்மையான வலிதான்; காரணம் மட்டுமே வேறு. அதோடு, அந்த ஆராய்ச்சிகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டார். நிரை நிரையாக மேடு பள்ளம் ஏறி, நாள் ஒன்றுக்கு ஐந்நூறு அறுநூறு மரத்துக்குக் குனிந்து நிமிர்ந்து, காண்டாக் கம்பில் இரண்டு வாளியையும் தோளில் சுமந்தவர்கள் அல்லர். நம்முடைய சதைக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. இடக்கால் முட்டி, வலத்தோள், கீழ் முதுகு, இவை முப்பது வருஷ வெட்டின் மிச்சம். இந்தப் பழைய வலிக்குப் புது மாத்திரை மீது பழி போட்டுவிடுவது எளிது. ஒரு பக்கத் தோள் மட்டும் வலித்தால், அது காண்டாக் கம்பின் வேலையா மாத்திரையின் வேலையா என்று நாமே யோசிக்கலாம்.

சரி, நிறுத்தியாகிவிட்டது. பிறகு என்ன? இதுதான் பலரும் நம்மிடம் கேட்பது. "நிறுத்திப் பத்து நாள் ஆயிற்று, இன்னும் வலிக்கிறதே, சதை கெட்டே போய்விட்டதா?" என்று கலங்குகிறார்கள்.

கலங்கவேண்டாம். மாத்திரையின் சரக்கு சில நாளில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். ஆனால் சதை ஆறுவதற்கு நேரம் வேண்டும். மரத்தில் காயம் பட்ட இடம் மறு வாரமே பட்டை மூடிவிடுகிறதா? மாத்திரையால் வந்த வலி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் தணியும். சிலருக்கு இரண்டு மாதம் வரை இழுக்கும். நாளுக்கு நாள் இறங்காது. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி உளையும். ஒரு வாரத்தை மறு வாரத்தோடு ஒப்பிடவேண்டும்.

இதற்குக் கிராணிமார்கள் உதவவேண்டும். செக்ரோல் போடுவது உங்கள் கைவந்த வேலை. வலிக்கும் ஒரு செக்ரோல் போடுங்கள். பள்ளிப் பிள்ளையின் கொப்பி ஒன்று போதும். மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், என்றைக்கு நிறுத்தியது என்று முதல் வரியில் எழுதுங்கள். பிறகு தினமும் மாலையில் ஒரு வரி: வலி பத்துக்கு எத்தனை, எந்த இடத்தில், அன்று என்ன வேலை, இரவு தூக்கம் எப்படி. பால் அதிகம் எடுத்த நாளில் வலி கூடுகிறதா, மழை பெய்து வெட்டு நின்ற நாளிலும் அதே வலியா என்பது மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். எழுதத் தெரியாத அம்மாமார் பேரப் பிள்ளைகளைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம். டாக்டருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிஷந்தான் கிடைக்கும். அந்தக் கொப்பி ஐந்து நிமிஷத்தை அரைமணி ஆக்கும்.

ஆறும் காலத்தில் படுத்தே கிடப்பது தவறு. படுத்தால் சதை இன்னும் தளரும். தினமும் பத்து நிமிஷம் சமதரையில் நடந்து, தாங்கினால் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மேடு ஏறுவது, பாரம் தூக்குவது, குந்தி எழுவது ஆகியவற்றைச் சில வாரம் குறைக்கவேண்டும். மண்டோரிடம் கேட்டு இலேசான வேலை வாங்கிக்கொள்ள வெட்கப்படவேண்டாம். கொடுக்க மறுத்தால் கிளைக்குச் சொல்லுங்கள். வெந்நீர் ஒற்றடம் நல்லது. கோடாலித் தைலமும் தேய்க்கலாம். ஆற்றாவிட்டாலும் ஆறுதல் தரும். ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதை உருவி விடக்கூடாது. இரத்தம் கட்டியிருக்கலாம், அது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வலி.

வலி மாத்திரை விஷயத்தில் நம் மக்கள் செய்யும் காரியம் நமக்குப் பயமாக இருக்கிறது. பனடோல் என்று நாம் சொல்லும் பாரசிட்டமோல், 500 மில்லிகிராம் மாத்திரை நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆபத்தில்லை. ஈரல் நோய் உள்ளவரும் குடிப்பவரும் முதலில் டாக்டரைக் கேட்கவேண்டும். ஆனால் டிக்லோபினாக் போன்ற கடுமையான வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் வாங்கி வாரக் கணக்கில் விழுங்குகிறார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்க்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், இருதயத்துக்கும் நல்லதல்ல. கால் வலிக்கு மருந்து தேடி டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்காருவது என்ன கணக்கு?

அடுத்தது மாஜூன், ஜாமு, பெயர் தெரியாத உருண்டைகள். இரண்டு நாளில் வலி பறந்துவிடும் என்று சந்தையில் விற்பவன் சொல்வான். பறக்கவும் செய்யும், ஏனென்றால் அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்தை ரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக் கணக்கில் சாப்பிட்டவருக்கு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு இளைக்கும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழவும் கூடும்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறோம். ஒரு கிராணியார் மாத்திரையை நிறுத்திவிட்டு, "இயற்கை வைத்தியம்" என்று சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகை வாங்கிச் சாப்பிட்டார். வலி போகவில்லை. எப்படிப் போகும்? அந்தச் சிவப்பு அரிசியில் இருக்கும் மொனாக்கோலின்-கே என்பதும் 1987-இல் அனுமதி பெற்ற அந்த முதல் மாத்திரையும் ஒரே சரக்கு. முன்வாசல் வழியாகத் துரத்தியவரைப் பின்வாசல் வழியாகக் காசு கொடுத்து அழைத்து வந்திருக்கிறார். அதிலும் ஒரு குளிகையில் எவ்வளவு இருக்கிறது என்று நிச்சயமில்லை.

முடக்கத்தான் ரசத்தைப் பற்றிக் கேட்பீர்கள். சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும்.

சில அறிகுறிகளுக்குக் கொப்பியும் வேண்டாம், காத்திருப்பதும் வேண்டாம். மூத்திரம் கோப்பி-ஓ நிறத்தில் போனால் அன்றே, அந்த மணியே, ஆஸ்பத்திரி அவசரப் பகுதிக்குப் போகவேண்டும். சதை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். இது மிக அரிது. ஆனால் 2001-இல் செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு ஸ்டாட்டின் மாத்திரையை இந்தக் காரணத்தாலேயே உலகச் சந்தையிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அரிது என்று அலட்சியம் செய்வதற்கில்லை. அதேபோல், வலி வேறு, பலமின்மை வேறு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். குந்தியவர் கையூன்றாமல் எழ முடியவில்லை, தலை வாரக் கை தூக்க முடியவில்லை, மாத்திரையை நிறுத்திய பிறகும் வாரத்துக்கு வாரம் பலம் குறைகிறது என்றால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சதையைத் தாக்கும் ஓர் அரிய நோயாக இருக்கலாம். அது தானாக ஆறாது. தனி வைத்தியம் வேண்டும்.

இனி நம் சொந்தக் கதை. நாம் நிறுத்தினோம், நான்கு வாரம் பார்த்தோம், எட்டு வாரம் பார்த்தோம். வலி ஓர் அங்குலம் நகரவில்லை. உடம்பு குளிர்ந்தது, எடை கூடியது, பகலெல்லாம் தூக்கம். வயது என்றே நினைத்தோம். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தைராய்டுச் சுரப்பி மந்தமாகிக் கிடப்பது தெரிந்தது. கவனியுங்கள்: தைராய்டு மந்தமானால் அதுவே சதை வலியைக் கொடுக்கும், அதுவே கொலஸ்டராலை ஏற்றும், அந்த நிலையில் மாத்திரை சாப்பிட்டால் சதை கூடுதலாக நோகும். மூன்று முடிச்சும் ஒரே கயிற்றில். தைராய்டு மருந்து தொடங்கிச் சில மாதத்தில் வலி விட்டது, கொலஸ்டராலும் ஓரளவு இறங்கியது. பிறகு குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினோம். இன்றும் சாப்பிடுகிறோம். நாமாகவே "மாத்திரையின் குற்றம்" என்று தீர்ப்பு எழுதி உட்கார்ந்திருந்தால், உண்மைக் குற்றவாளி இன்னும் நம் கழுத்திலேயே குடியிருந்திருப்பான்.

ஆகவே இரண்டு மாதம் கடந்தும் வலி நிற்கவில்லையென்றால், வேறு காரணம் தேடவேண்டிய நேரம் அது. விட்டமின் டி குறைவு இருக்கலாம். விடியலுக்கு முன் கிளம்பி மர நிழலிலேயே வேலை செய்து, முழுக்கைச் சட்டையும் தலைத்துணியுமாக இருக்கும் நம் பெண்கள் வெயில் படுவதேயில்லை. நீரிழிவினால் நரம்பு கெட்டிருக்கலாம். அது இரவில் பாதத்தை எரிக்கும், ஊசி குத்தும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மூத்திர மாத்திரையால் பொட்டாசியம் குறைந்து காலை இழுக்கலாம். ஐம்பது தாண்டியவருக்குக் காலையில் எழுந்தவுடன் தோளும் இடுப்பும் ஒரு மணி நேரம் மரக்கட்டையாக நிற்கும் ஒருவகை வாதமும் உண்டு. சம்சுவும் சதையைக் கெடுக்கும். அதைப் பற்றி மேடையிலே அதிகம் சொன்னால் முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போய்விடுவார்கள், அதனால் இத்தோடு விடுகிறோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். சும்மா இருக்கும்போது வலியில்லை. இருபது மரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் சில நிமிஷத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறது. இது கால் இரத்தக் குழாய் அடைபடுவதன் அடையாளமாக இருக்கலாம். சிகரெட் பிடிப்பவர்க்கும் நீரிழிவு உள்ளவர்க்கும் அதிகம் வரும். எந்த மாத்திரையால் வந்த வலி என்று நினைத்து அவர் நிறுத்துகிறாரோ, அந்த மாத்திரைதான் அவருக்கு மற்றவரைவிட அதிகம் தேவை.

கிளினிக்கில் இரத்தத்தில் சி.கே. என்று ஒரு சோதனை செய்வார்கள். சதையிலிருந்து கசிவதன் அளவு அது. கடுமையாக உழைத்த மறுநாள் அது தானாகவே ஏறியிருக்கும். ஆகவே முடிந்தால் இரண்டு நாள் பாரம் தூக்காமல் போங்கள். முடியாவிட்டால், முந்தின நாள் முழுக்க வெட்டினோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நம் வேலையை நோய் என்று எழுதிவிடுவார்கள்.

என்ன சொல்வது என்பதிலும் நமக்குக் குறை இருக்கிறது. டாக்டர் கேட்டால், "பாடான் சக்கிட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறோம். உடம்பு வலி என்றால் அவர் பனடோல் எழுதி அனுப்பிவிடுகிறார். தொடைக்குப் 'பாஹா', கெண்டைக்காலுக்குப் 'பெத்திஸ்', தோளுக்குப் 'பாஹு', பலமில்லை என்பதற்கு 'லெமா'. இந்த நான்கு சொல்லோடு, எந்த மாத்திரை, என்றைக்கு நிறுத்தினோம் என்பதைச் சொல்லுங்கள். "நிறுத்திவிட்டேன் என்றால் திட்டுவார்" என்று பயந்து, சாப்பிடுவதாகப் பொய் சொல்கிறவர்கள் நம்மில் அநேகர். பொய் சொன்னால் அவர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டுவார். திட்டினால் திட்டட்டும், திட்டுக்கு மருந்து வேண்டாம்.

மற்ற மருந்துகளையும் கொண்டுபோய்க் காட்டவேண்டும். சிம்வாஸ்டாட்டினோடு சில மருந்துகள் ஒத்துப்போகா. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற நுண்கிருமி மருந்துகள் சேர்ந்தால் அதன் அளவு இரத்தத்தில் பலமடங்கு ஏறிவிடும். ஜெம்பிப்ரோசிலும் அப்படித்தான். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிப்பின் சாப்பிடுபவர் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. சளி காய்ச்சலுக்கு ஒரு கிளினிக், சர்க்கரைக்கு ஒரு கிளினிக் என்று போகிறவர்களுக்கு இந்த விபத்து நேரும்.

வலி ஆறிய பிறகு என்ன? மாத்திரையை மறந்துவிடலாமா? நிறுத்திய சில வாரத்திலேயே கொலஸ்டரால் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அது வலிக்காது என்பதுதான் அதன் தந்திரம். ஏற்கெனவே நெஞ்சு வலி, பக்கவாதம் கண்டவர், நீரிழிவுக்காரர் ஆகியோர் திரும்பத் தொடங்குவது பற்றி டாக்டரோடு கட்டாயம் பேசவேண்டும். வழி ஒன்றல்ல. அதே மாத்திரையைக் குறைந்த அளவில் தரலாம். வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வது சாதாரணம். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதும் உண்டு. அதுவும் முடியாதவர்க்கு, குடலில் கொலஸ்டரால் ஏறாமல் தடுக்கும் எசெட்டிமிப் இருக்கிறது. ஸ்டாட்டின் தாங்காத சுமார் 14,000 பேரிடம் பெம்பிடோயிக் அமிலம் என்ற மருந்தைச் சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். இருதய விபத்துகள் 13 சதவீதம் குறைந்திருந்தன. கோஎன்சைம் க்யூ-10 என்று போத்தல் போத்தலாக விற்கிறார்களே, அது இந்த வலியைத் தீர்க்கும் என்பதற்குச் சோதனைகளில் உறுதி கிடைக்கவில்லை. அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

முதல் சம்பாத்தியம் போகுமே என்று பயந்து வலியை மறைப்பவர்க்குச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் அந்த 60 நாள் தனிக் கணக்கு, பழைய விடுப்பில் கழியாது. எம்.சி. வாங்கிய அன்றே, அல்லது 48 மணி நேரத்துக்குள், நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடவேண்டும். இதில் தகராறு வந்தால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் இரண்டு மேசை போட்டிருப்போம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், ஜாமு உருண்டை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இரண்டு கிராணிமார்கள் பெயரும் அளவும் தேதியும் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருகிறார். மாத்திரைகளைப் பிஸ்கட் டின்னில் வைத்திருப்பவர்கள் டின்னோடு வரலாம். யாரும் திட்டமாட்டோம்.